பெயர் போர்டு அவர்களுடையது, போடுகிற முதல் யாருடையது? காரைக்குடியில் கார் சர்வீஸ்: ஃப்ரான்சைஸா, சொந்த ஷெட்டா?

காரைக்குடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, மல்டி பிராண்ட் ஃப்ரான்சைஸ் எடுக்கலாமா, சொந்தமா ஷெட் போடலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லா கம்பெனி காரையும் பார்க்கும் ஒரு சர்வீஸ் கம்பெனிக்குப் பணம் கட்டி, அதன் பெயரில் நாம் ஒர்க்ஷாப் நடத்துவதுதான் மல்டி பிராண்ட் ஃப்ரான்சைஸ். கார் கம்பெனியின் சொந்த டீலர்ஷிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு வேண்டிய முதலும் இடமும் வேறு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வாரண்டி முடியும்வரை புது வண்டிக்காரர் அங்கேதான் போவார். முதல் சில சர்வீஸுக்கு லேபரும் வாங்குவதில்லை. நமக்கு மிஞ்சுவது அதற்குப் பிந்தைய வண்டிகள்தான். அந்த வண்டிகளுக்காகத்தான் ஃப்ரான்சைஸும் ஷெட்டும் போட்டி போடுகின்றன.

ஃப்ரான்சைஸ் கம்பெனிகள் இரண்டு விதமாக விளம்பரம் செய்கின்றன. கார்காரருக்கு ஒன்று: "ஷோரூமைவிடக் குறைந்த செலவு, முதல் சர்வீஸுக்குத் தள்ளுபடி." முதல் போடுபவருக்கு இன்னொன்று: "போட்ட பணம் சீக்கிரம் திரும்பும், வண்டிகளை நாங்களே அனுப்புவோம்." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் நோட்டீஸில் தரும் தள்ளுபடி யார் பையிலிருந்து போகிறது? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், இரண்டாவது நோட்டீஸைப் படித்துப் பணம் கட்டியவர் பையிலிருந்துதான். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான்: ஆப் வழியாக வரும் தள்ளுபடியில் கம்பெனி எவ்வளவு ஏற்கிறது?

அடுத்தது ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கம்பெனிக்குக் கட்டும் பங்கு. அது லாபத்தில் அல்ல, பெரும்பாலும் மொத்த பில்லில் கணக்காகும். உதாரணத்துக்கு, மாதம் 4 லட்சம் பில், ராயல்டி 7 சதவீதம் என்றால் 28,000 ரூபாய். பார்ட்ஸ், ஆயில், சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் போக 40,000 நின்றால், ராயல்டிக்குப் பிறகு கையில் 12,000. நம் தாத்தாக்கள் மாதிரி ஐந்தொகை (கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் தொகுத்த சுருக்கம்) போட்டுப் பார்த்தால் ஒரு தாளில் தெரிந்துவிடும்.

தாத்தாக்கள் என்றதும் நினைவு வருகிறது. பர்மாவுக்கு மூன்று வருடக் கணக்குக்கு மேலாள் (முதலாளிக்காக அங்கே கடையை நடத்துபவர்) போன காலத்தில் கடைக்கு முதல் முதலாளியுடையது. போனவருக்குச் சம்பளம் உண்டு, கணக்கு முடிந்தால் லாபத்தில் பங்கும் உண்டு. ஃப்ரான்சைஸில் போர்டு அவர்களுடையது. முதலும் நஷ்டமும் நம்முடையவை. அமெரிக்காவில் 1979 முதலே இதற்குத் தனி விதி இருக்கிறது. கட்டணம், வழக்குகள், மூடிய கிளைகள் எல்லாவற்றையும் ஃப்ரான்சைஸ் கம்பெனி எழுத்தில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இப்போதைய விதிப்படி கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பு. இந்தியாவில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம்தான் முக்கியத் துணை. அதனால் நாமேதான் கேட்க வேண்டும். நன்றாக ஓடும் கிளையை அவர்களே காட்டுவார்கள். மூடிய கிளைக்காரர் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஆயிலும் ஃபில்டரும் கம்பெனியிடமே எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதே ஃபில்டர் என் கடையில் குறைந்த விலைக்கு இருந்தது. அவரால் வாங்க முடியவில்லை. ஒரு நாள் வந்து ரேக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

"பார்ட்ஸ் எங்களிடம்தான் கிடைக்கும்" என்ற பேச்சுக்கும் இப்போது பழைய கனம் இல்லை. வெளி ஒர்க்ஷாப்புகளுக்கு ஒரிஜினல் பார்ட்ஸும் ஸ்கேனர் கருவிகளும் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. இன்று ஓடுகிற மாடல்களுக்கு பிரேக் பேட், லோயர் ஆர்ம், கிளட்ச் செட் எல்லாம் எங்களைப் போன்ற கடைகளிலேயே நிற்கின்றன.

ஃப்ரான்சைஸுக்கு நியாயமான இடமும் உண்டு. ஸ்பேனர் பிடித்தறியாதவர், நல்ல ஃபோர்மேன் இல்லாதவர் என்றால் பயிற்சி, பில்லிங், இன்சூரன்ஸ் கேஷ்லெஸ் ஏற்பாடு இவற்றுக்காக எடுக்கலாம். நெடுஞ்சாலையோரம் இடம் இருந்தால் ராமேஸ்வரம் போகிற வெளியூர் வண்டி தெரிந்த போர்டைப் பார்த்து நிற்கும்.

ஃபோர்மேன் இருந்தால் நான் சொந்த ஷெட் பக்கம்தான். செட்டிநாட்டில் வண்டி வருகிற வழியே வேறு. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வருகிறார்கள். ஃப்ளெக்ஸ் அவர்கள் கண்ணில் படாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் டிராவல்ஸ் டிரைவரும் சொல்கிற பேர்தான் போய்ச் சேரும். போன மாதம் ஒரு ஆச்சி சிங்கப்பூரிலிருந்து என் பக்கத்து ஷெட்டுக்கு போன் செய்தார்: "தம்பி, வண்டி எட்டு மாசமா நிக்குது, பார்த்து வைங்க." தம்பி பானட்டைத் திறந்து வீடியோ காலில் காட்டினார். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு, பக்கத்தில் செம்பு தெரியக் கடித்த ஒயர், டெர்மினலில் பச்சை பூத்த பேட்டரி. மாற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்து, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த வாரமே அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு வண்டி வந்தது.