ஷீட் கூரைக்கு அடியில் தேங்கும் வெக்கை: முகட்டுத் திறப்பா, சுழல் உருளையா, மின்விசிறியா?

சேலத்தில் மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நிறுத்தி, ஷீட் போட்டு, அடியில் ஜிப்சம் சீலிங் கட்டி அறையாக்கிக்கொள்வது பரவலாகிவிட்டது. ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே அடைபடும் இரண்டு மூன்று அடி இடத்துக்குக் காற்று எப்படிப் போய்வரும் என்று யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பழைய ஓட்டு வீட்டில் ஓடுகளின் சந்துகளே வெப்பக் காற்றை வெளியே விட்டுவிடும். ஷீட்டில் அந்தச் சந்து கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை ஒட்டிக் காயும்போது ஷீட் அதைவிட வெகுவாகச் சூடேறி, அடியிலுள்ள காற்றையும் சீலிங்கையும் காய்ச்சிவிடுகிறது. பொழுது சாய்ந்த பிறகும் தலைக்கு மேல் அந்த வெக்கை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு வழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று. முகட்டில் நீளவாக்கில் இடைவெளி விட்டு மேலே தொப்பி மூடியிடுவது ஒன்று. காற்றில் தானே சுழலும் டர்போ உருளையைப் பொருத்துவது மற்றொன்று. பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் மின்விசிறி வைப்பது மூன்றாவது.

மின்விசிறியை நான் பரிந்துரைப்பதில்லை. மின்வெட்டில் நின்றுவிடுவது சிறிய குறை. கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் போதிய திறப்பு இல்லையென்றால், சீலிங்கில் விளக்குக்காக வெட்டிய துளைகள் வழியே அறையிலுள்ள ஏசி குளிரையே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும் என்பதுதான் பெரிய குறை.

உருளைக்கு மின்செலவு இல்லை. மெல்லிய காற்றுக்கே சுழலும். ஆனால் அது சுழல்கிறது என்பதாலேயே உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுகிறது என்று நம்பிவிடக் கூடாது. அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில் உருளை விடாமல் சுற்றிக்கொண்டிருக்க, சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் தோசைக்கல்லின் ஓரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. எலி நுழையும் என்று அஞ்சி இறவாரம் முழுவதையும் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். கீழே நுழைய வழியில்லாத காற்று மேலே எப்படி வெளியேறும்?

முகட்டுத் திறப்பே என் முதல் தேர்வு. சூடான காற்று தானாக உச்சிக்கு ஏறும்; அங்கே நீளமான வாய் இருந்தால் ஒரு மூலையிலும் தேங்காமல் கூரை நெடுகிலும் வெளியேறிவிடும். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் பழுதும் குறைவு. அளவுக்கு, சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு என்ற பழைய அமெரிக்கக் கட்டட விதியைக் கொள்ளலாம். 300 சதுர அடி அறைக்கு மொத்தம் 2 சதுர அடி. அதில் பாதி இறவாரத்தில், பாதி முகட்டில். எலிக்கும் பூச்சிக்கும் வலை அடித்தால் வலைக்கம்பி காற்றின் வழியைக் குறைக்கும்; எனவே திறப்பைச் சற்றுக் கூட்டி வெட்டவேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காற்றோட்டம் வெந்த காற்றை அகற்றுமே தவிர, ஷீட்டிலிருந்து நேராக இறங்கும் வெப்பக் கதிரைத் தடுக்காது. அதற்கு ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சும் தேவை.

ஏற்காட்டில் கணக்கு வேறு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அங்கே தொல்லை வெக்கையன்று, ஈரம். இரவில் ஷீட் குளிர்ந்ததும், சமையலறை ஆவியும் குளியலறை ஆவியும் மேலேறி அதன் அடிப்புறத்தில் நீராகப் படிந்து சொட்டுகின்றன. மழை ஒழுகுகிறது என்று எண்ணி ஷீட்டை மாற்றியவர்களும் உண்டு. அப்படியும் மரச்சட்டம் பூஞ்சை பிடித்து உளுப்பது நின்றபாடில்லை. அங்கேயும் முகட்டுத் திறப்பே நல்லது. ஆனால் சாய்ந்தடிக்கும் சாரல் புகாதபடி தொப்பியின் இறக்கம் அகலமாக இருக்கவேண்டும். குளியலறை ஆவி போகும் குழாயைச் சீலிங்குக்கு மேலுள்ள இடத்துக்குள் விடாமல் கூரைக்கு வெளியே கொண்டுபோகவேண்டும். மரநாய் நுழையாதபடி வலையும் கெட்டியாக இருக்கவேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை முடித்தவருக்குப் பணம் கொடுக்குமுன் நடுப்பகலில் ஓர் ஊதுபத்தியை இறவாரத் திறப்பருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடவேண்டும். அம்மாப்பேட்டை வீட்டில் சிமென்ட்டைக் கொத்தி வலை அடித்த அன்று, புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே போனது.