ஃபார்ச்சூனா, பிசினஸ் வீக்கா? 1930களின் இதழ்களைச் சேர்ப்பவர்களுக்கு

அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தை அன்றைய வணிக இதழ்கள் வழியே படிக்க நினைத்தால், போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான். பிசினஸ் வீக்கின் முதல் இதழ் தேதி 1929 செப்டம்பர் 7. ஏழு வாரத்தில் வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்தது. சரிவுக்கு முன்பே திட்டமிட்ட ஃபார்ச்சூனை, ‘டைம்’ இதழின் ஹென்றி லூஸ் கைவிடவில்லை. 1930 பிப்ரவரியில், பிரதி ஒரு டாலர் என்ற துணிச்சலான விலையில் கொண்டுவந்தார்.

அன்றைய கவலைகள்தான் வேண்டுமென்றால் பிசினஸ் வீக்கை வாங்குங்கள். 1933 மார்ச் 6 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் வங்கிகளையெல்லாம் தற்காலிகமாக மூடினார். மாத இதழான ஃபார்ச்சூனின் பக்கங்கள் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அந்தப் பதற்றம் அதில் சுடச்சுட வராது. வார இதழான பிசினஸ் வீக்கில் வரும். ஆகவே உதிரியாகப் பத்து இதழ் வாங்குவதைவிட, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை விடுபடாத வரிசையாக வாங்குவது மேல். ஒரு வாரம் சொன்ன ஆரூடம் அடுத்த வாரம் எப்படிப் பொய்த்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஃபார்ச்சூனின் பலம் வேறு: அவகாசம். 1932 செப்டம்பர் இதழின் வேலையின்மைக் கட்டுரை, எந்த வருமானமும் இல்லாதவர்கள் 3.4 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. முதலாளிகளுக்கான ஆடம்பர இதழில் இப்படியொரு கட்டுரை! முதல் இதழில் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த ஸ்விஃப்ட் இறைச்சி ஆலைப் படங்களும் அச்சில் பார்க்க வேண்டியவை.

ஆனால் ஃபார்ச்சூன் வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். அட்டைகளையும் முழுப்பக்க விளம்பரங்களையும் வெட்டிச் சட்டமிட்டு விற்கும் வியாபாரம் ஒன்று இருக்கிறது. கட்டுரைகளின் மிச்சம் பின்பக்கங்களில் விளம்பரங்களுக்கு நடுவே தொடரும் என்பதால், ஒரு விளம்பரத் தாள் போனால் கட்டுரையின் முடிவும் போகலாம். ‘நல்ல நிலை’ என்ற சொல்லை நம்பாமல், பக்க எண்களை முதலிலிருந்து கடைசி வரை சரிபார்த்துச் சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள். மடிப்பை ஒட்டிய கத்தி வெட்டு படத்தில் தெரியாது.

வைப்பதிலும் இரண்டுக்கும் வேறு வழி. ஃபார்ச்சூன் சுமார் 11க்கு 14 அங்குலம், நல்ல கனம். நிறுத்தி வைத்தால் தாள்களின் எடையே முதுகைப் பிளந்துவிடும். படுக்கவைத்து, ஐந்தாறுக்கு மேல் அடுக்காதீர்கள். பிசினஸ் வீக்கில் பார்க்க வேண்டியது மடிப்பிலுள்ள கம்பி பின். துரு பிடித்திருந்தால் சுற்றியுள்ள தாள் பழுப்பாகி உதிரும். பின்னை இழுக்காமல், அதன் மடங்கிய முனைகளை நிமிர்த்தி எடுக்க வேண்டும். இரண்டுக்குமே அமிலமற்ற அட்டையும் பாலியெஸ்டர் உறையும் போதும். பிவிசி உறை, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் வேண்டாம். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். பளபளப்புத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழியாமல் பிரியாது.

நூலகங்கள் கழித்துவிட்ட பைண்டு தொகுதிகள் மூன்றாவது வழி. மலிவு, வரிசையும் கிடைக்கும். ஆனால் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்குவது பல நூலகங்களின் வழக்கம். படிக்க மட்டும் என்றால் அதனால் நஷ்டமில்லை. யார் எதை விற்கத் தவித்தார்கள் என்பதைப் பார்க்க விரும்பினால், விளம்பரங்கள் இருக்கின்றனவா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.