கொடுவா கைகொடுக்காத கழிகள்: முட்டுக்காடு, அடையாறு, எண்ணூர், பழவேற்காடு

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முட்டுக்காட்டில், கடலோடு சேரும் உவர்நீர்க் கழியின் கரையில் விடிவதற்கு முன்பே என்னையும் சேர்த்து ஆறு பேர் தூண்டிலோடு நின்றோம். 8 மணி ஆகியும் ஒருவருடைய தூண்டிலிலும் மீன் அடிக்கவில்லை. எங்களுக்கு இருபது அடி தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மீனவர் அண்ணன் வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார். மூன்றாவது வீச்சில் ஒரு கொடுவா ஏறியது. 2 கிலோவுக்குக் குறையாது.

“அண்ணா, மீன் இங்கேயேதான் நிக்குது. எங்களுக்கு ஏன் அடிக்க மாட்டேங்குது?” என்று கேட்டேன்.

“கழிவாய் மூடி இருவது நாளாச்சு தம்பி. தண்ணி ஓடல. தண்ணி ஓடலன்னா அது ஏன் வாயத் தொறக்கப் போவுது?” என்றார்.

அன்றிலிருந்து நான் இடங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. சென்னையைச் சுற்றிக் கொடுவா தேடிப் போகிறவர்கள் அதிகம் ஏமாந்து திரும்பும் கழிகள் நான்கு: முட்டுக்காடு, அடையாறு, எண்ணூர், பழவேற்காடு. நான்கிலும் பல ஞாயிறுகளைச் செலவழித்திருக்கிறேன். வெறுங்கை ஒரே மாதிரி இருந்தாலும் அதற்கான காரணம் இடத்துக்கு இடம் வேறு. அதைக் கண்டுபிடிக்காமல் லூரை, அதாவது செயற்கை இரையை, மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் கரையும்.

முதலில் மீனைப் பற்றி. ‘பாஸ்’ என்று தேடினால் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்க ஏரிகளில் இருக்கும் லார்ஜ்மவுத் பாஸ். நம் கழிகளில் அது கிடையாது. நமக்கு பாஸ் என்றால் சீ பாஸ், அதாவது கொடுவா. வங்காளிகள் பெட்கி என்பதும், ஆஸ்திரேலியர்கள் பாராமண்டி என்பதும் இதைத்தான். முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் பிறந்து, குஞ்சாகக் கழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி முகத்துவாரத்துக்கு இறங்கும். துரத்திப் பிடிப்பதைவிட ஒளிந்து நின்று விழுங்குவதுதான் அதன் வழக்கம். பாலத்தூண், மூழ்கிய மரம், கல்குவியல், படகுத்துறையின் கால் என்று எதையாவது ஒட்டி ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். ஓடுகிற தண்ணீர் மடவைக் குஞ்சையும் இறாலையும் வாய்க்கு நேரே கொண்டுவரும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், இரை காணாமல் போயிருக்கும். ஆகவே ஓட்டம் வேண்டும், ஒளிய இடம் வேண்டும், இரை வேண்டும், தண்ணீரில் மூச்சுவிடப் போதுமான பிராணவாயு வேண்டும். இந்த நான்கில் எது எங்கே குறைகிறது என்று பார்த்தால் கழிகளின் குணம் பிடிபட்டுவிடும்.

ஆஸ்திரேலிய வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டார்வின் பக்கம் பெரிய ஓத நாட்களில் தண்ணீர் 7 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். சென்னைக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில்கூட வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். அஷ்டமி, நவமி ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. அங்கே பல மணி நேரம் நல்ல ஓட்டம் கிடைக்கும். இங்கே என் அனுபவத்தில் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய நாள் முடிந்தது.

அடையாற்றை எடுத்துக்கொள்வோம். நான்கில் பார்வைக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான், அதனாலேயே ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். 1967-இல் கட்டி, 1977-இல் ஆற்று வேகத்தில் ஒரு பகுதி விழுந்த உடைந்த பாலம், அதன் தூண்கள், ஒரு கரையில் தியசாபிகல் சொசைட்டியின் மரங்கள், எதிரே கடல். கொடுவா நிற்பதற்கென்றே அமைத்த மாதிரி இருக்கும். பெசன்ட் நகரிலிருந்து வண்டியில் போனால் சில நிமிடம். வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு வரலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒரு வருடம் முழுக்கப் போனேன்.

அங்கே குறைவது பிராணவாயு. மழைக்காலம் போக மீதி நாட்களில் ஆற்றில் வருவது பெரும்பாலும் கழிவுநீர். முகத்துவாரத்தில் மணல் ஏறி ஏறி வழி சுருங்கும். தோண்டி விடுவார்கள், மறுபடி மூடும். கடல் தண்ணீர் உள்ளே வந்து கழுவினால்தான் அந்தத் தண்ணீரில் பெரிய மீன் நிற்க முடியும். அதோடு, இப்படி அழுக்கு சேர்ந்த தேங்கல் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னால்தான். பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும், இரவில் அதுவே உறிஞ்சும். நாம் தூண்டிலோடு போய் நிற்பதோ சரியாக அந்த நேரத்தில். ஒருநாள் விடியலில் மடவைக் கூட்டம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மேய்கிறது, அடியில் கொடுவா இருக்கும் என்று நினைத்து அரை மணி நேரம் லூர் போட்டேன். வெயில் ஏறியதும் கரையோரம் செத்து ஒதுங்கிய மடவைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அன்று மனம் கனத்து வீடு திரும்பினேன். இந்த ஆற்றில் நம் தூண்டில் தோற்பது சின்ன விஷயம், ஆறு இப்படிக் கிடப்பதுதான் பெரிய துக்கம்.

அடையாற்றில் வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரம், கடல் தண்ணீர் தெளிவாக உள்ளே தள்ளும்போது, அதோடு மீனும் ஏறும். விடியலை விட்டு, மதியத்துக்கு மேல் வரும் ஏற்றத்தில் போய்ப் பாருங்கள். பாலத்தின் உடைந்த நுனிக்குப் போகாதீர்கள். போலீஸ் விரட்டுவதும் உண்டு, விரட்டாவிட்டாலும் அது ஆளை விழுங்கும் இடம்.

முட்டுக்காட்டின் கதை தலைகீழ். மீன் இருக்கிறது, ஒளிய இடமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் (ஈ.சி.ஆர்.) பாலத்தின் தூண்கள், 1984 முதல் நடக்கும் சுற்றுலாத் துறைப் படகுக் குழாமின் துறை, வடக்கே பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் வாய், எல்லாமே கொடுவாவுக்குப் பிடித்தவை. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவை இந்தியாவிலேயே முதன்முறையாக 1997-இல் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அந்த நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருப்பதும் முட்டுக்காட்டில்தான். கொடுவாக் குஞ்சு பொரிக்கும் ஊரிலேயே ஒரு கொடுவாவைத் தூண்டிலில் ஏற்ற முடியாமல் திரும்புகிறோமே என்று எத்தனையோ காலை வேதனைப்பட்டிருக்கிறேன்.

இங்கே குறைவது ஓட்டம். மழை நின்று சில மாதங்களில் கழிவாயில் மணல்திட்டு எழுந்து கடலைத் துண்டித்துவிடும். அதன் பிறகு கழி ஒரு ஏரி. உள்ளே மாட்டிய கொடுவா செத்துப்போகாது, பட்டினியும் கிடக்காது. ஆனால் தூணோரம் காத்திருப்பதில் அதற்கு லாபமில்லை, ஆங்காங்கே சிதறி, இரவில் மேய்ந்து, பகலில் சும்மா கிடக்கும். வீச்சு வலை அதன் தலைக்கு மேலேயே விழுவதால் பிடிக்கிறது. தூண்டிலை மீன் தானாக வந்து எடுக்க வேண்டும். அந்த அண்ணன் சொன்னது இதைத்தான்.

வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு வழியாக வெள்ளம் கால்வாயில் இறங்கி இங்கேதான் கடலுக்குப் போகும். அப்போது வாய் பெரிதாகத் திறக்கும். வெள்ளத்தின் நடுவே போவது வீண், தண்ணீர் செங்கலங்கலாக நுரைத்து ஓடும், ஆபத்தும் கூட. வெள்ளம் வடிந்து, நிறம் தெளிந்து, வாய் இன்னும் திறந்தே இருக்கிற அந்தச் சில வாரங்கள்தான் முட்டுக்காட்டின் காலம். மார்கழி, தை என்று வைத்துக்கொள்ளுங்கள், மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

அப்போதும் பலர் தவறவிடக் காரணம் ஓத அட்டவணை. நாம் பார்ப்பது சென்னைத் துறைமுகத்துக்கான நேரம். குறுகலான கழிவாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து நிறையவும் வடியவும் தாமதமாகும். கடலில் இறக்கம் தொடங்கிய பிறகும் கழிக்குள் தண்ணீர் சும்மாதான் நிற்கும். நான் பாலத்தருகே ஒரு குச்சியை நட்டு, அதில் தண்ணீர் மட்டத்தை நான்கைந்து ஞாயிறு குறித்து வைத்தேன். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து தாமதம் ஒரு மணி நேரத்துக்கும் மேலே போனது. அட்டவணையை நம்பி வந்தவர்கள் ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே சலித்துப்போய்க் கிளம்புவதை அதன் பிறகு பலமுறை பார்த்தேன்.

இன்னொரு தொல்லை இரையின் மிகுதி. மழைக்குப் பிறகு இறாலும் மடவைக் குஞ்சும் கழி முழுக்கத் துள்ளும். ஆயிரம் உயிருள்ள இரைக்கு நடுவே நம் பிளாஸ்டிக் லூர் ஒன்று. இந்த இடத்தில் நான் லூரை விட்டுவிட்டேன். உயிருள்ள இறாலைக் கொம்பின் அடியில் கொக்கியில் கோர்த்து, சின்ன மிதவையோடு, இறக்கத்தின் ஓட்டத்திலேயே தூண் நிழலுக்கு மிதக்கவிட்டால் வித்தியாசம் தெரியும். கொக்கிக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு (லீடர்) 40 பவுண்டு தாங்குதிறனுக்குக் குறையக் கூடாது, கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். பாலத்தின் மேல் நின்று மட்டும் போடாதீர்கள். பின்னால் வண்டிகள் பறக்கும் சாலை அது.

சரி, எண்ணூர். ஓட்டம் மட்டும்தான் அளவுகோல் என்றால் எண்ணூர் முட்டுக்காட்டை மிஞ்சும். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து இறங்கும் அகலமான கழி. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இறாலும் நண்டும் எடுத்து வாழ்ந்த தண்ணீர். கொடுவாவும் அதில் பேர்போனதுதான். ஆனால் அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழியில் படிந்து, பள்ளங்களைத் தூர்த்துவிட்டது. கொடுவா ஒதுங்கும் மடுக்கள் போனபின் ஓட்டம் இருந்து என்ன பயன்? 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே எண்ணெய் புகுந்து, அலையாத்தி மரங்களும் படகுகளும் வலைகளும் கறுத்தன. அதற்குச் சில மாதம் கழித்து நான் போனபோது, சுருட்டி இழுத்த தூண்டில் நரம்பில் எண்ணெய் வாடை விரலில் ஒட்டியது. அங்கே மீன் கிடைத்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பே அந்தத் தண்ணீராக இருக்கிறவர்களுக்கு அப்படித் திரும்பிப் போக முடியாது.

அடையாற்றையும் எண்ணூரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடையாற்றில் நேரத்தை மாற்றினால் கொஞ்சம் வழி உண்டு. எண்ணூரில் தூண்டில்காரன் மாற்றக்கூடியது ஒன்றுமில்லை.

பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வழியாகச் சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர். கரையில் நின்று போடுகிறவருக்கு எட்டுகிற தண்ணீரெல்லாம் முழங்காலளவு, நிழல் கிடையாது. மீன் இருப்பது முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமான ஓடைகளில். அங்கே போகப் படகு வேண்டும், அதைவிட முக்கியமாக ஊரின் சம்மதம் வேண்டும். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அன்று பாடு முறை வந்தவர்களின் வலைக்கு முன்னால் போய்த் தூண்டில் போடுவது தவறு. உள்ளூர்ப் படகில், அவர்கள் காட்டும் இடத்தில் போட்டால் நான்கிலும் பழவேற்காடுதான் முதலிடம். கரையிலிருந்து என்றால் கடைசி இடம்.

செம்பரம்பாக்கம், புழல் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அவை குடிநீர் ஏரிகள், விரால், ஜிலேபி மீன்கள் இருக்கும் நல்ல தண்ணீர். கடலிலிருந்து கொடுவா தானாக ஏறிவர அங்கே வழியில்லை.

ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கிறது, கையில் படகில்லை என்று யாராவது கேட்டால் முட்டுக்காடு என்றுதான் சொல்வேன். அதுவும் மழைக்குப் பின், வாய் திறந்திருக்கும் போது, அமாவாசை ஒட்டிய இறக்கத்தில் மட்டும். கோடையில் கேட்டால் எங்கும் போகாமல் வீட்டில் கொக்கியைத் தீட்டச் சொல்வேன். படகுக்குச் செலவழிக்க முடியுமென்றால் பழவேற்காடு. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அடையாற்றுக்குப் போகிறவர்கள், நான் செலவழித்த அந்த ஒரு வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. கொடுவா ஆணாக முதிர்ந்து, 6, 7 வயதுவாக்கில் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிதாக மாட்டுவது அநேகமாக முட்டை போடும் பெண். போன தை அமாவாசைக்கு மறுநாள் முட்டுக்காட்டில் என் நண்பன் ஒருவனுக்கு அப்படி ஒன்று மாட்டியது, கரைக்கு வர இருபது நிமிடம் ஆனது. தண்ணீரிலேயே வைத்து அடிவயிற்றைத் தாங்கி, ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான். செவுள் நன்றாக அசையத் தொடங்கியதும் கையை எடுத்தான். அது பாலத்தூண் பக்கமாகப் போகவில்லை, நேரே கழிவாயை நோக்கிப் போனது.