கலப்பு மெய்ம்மைக் கண்ணாடிக்கு எந்த இணைப்பு: சாட்டிலைட்டா, மொபைலா?

கொழும்பில் ஜெனரேட்டரும் குளிர் அறையும் பழுது பார்ப்பது எங்கள் தொழில். அனுபவம் கூடிய இன்ஜினியர் அலுவலகத்தில் இருப்பார். களத்தில் நிற்கும் தம்பி கலப்பு மெய்ம்மைக் கண்ணாடியை (கண்முன் தெரியும் காட்சியின் மேலேயே குறிகளையும் படங்களையும் காட்டும் கண்ணாடி) போட்டுக்கொண்டு இயந்திரத்தைக் காட்ட, இவர் திரையில் பார்த்து வழிகாட்டுவார். அந்தக் கண்ணாடிக்கான இணைப்பாக இரண்டு சிம் போடும் சிறிய 4ஜி ரவுட்டரை எடுத்தோம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற சாட்டிலைட் இன்டர்நெட் இலங்கைக்கு வந்த பிறகு, தெரிந்தவரிடம் இரவல் வாங்கி அதையும் பார்த்தோம். முடிவு மாறவில்லை.

வேகத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. தெளிவான 720p வீடியோ அனுப்ப நொடிக்கு சுமார் 1.5 மெகாபிட் போதும். ஆனால் அது அப்லோட் வேகம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகம். சிக்னல் நன்றாக இருந்தால் இரண்டுமே இதைத் தாங்கும்.

தாமதமும் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. இன்ஜினியர் படத்தை நிறுத்தி ஒரு போல்ட்டின் மேல் அம்புக்குறி போட்டால், அது அந்த இடத்திலேயே நிற்கும். அறையின் வடிவத்தைக் கண்ணாடியே அளந்து வைத்திருப்பதால் படம் சற்றுப் பிந்தினாலும் குறி நகராது. தாமதம் அடிப்பது பேச்சைத்தான். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகை சாட்டிலைட்டில் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். வால்வைத் திருப்பிக்கொண்டிருப்பவருக்கு "நிறுத்து" என்ற சொல் அவ்வளவு பிந்தக் கூடாது. ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் 600 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் பறப்பதால் அந்தக் குறை அதற்கு இல்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது, இயந்திரம் எங்கே இருக்கிறது என்பதுதான். வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி மாடிக் கட்டடங்களில் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிலக்கீழ் தளத்தில். ஸ்டார்லிங்க் சிக்னலைப் பிடிக்கும் டிஷ்ஷுக்கோ அகலமான திறந்த வானம் வேண்டும். அந்தச் சாட்டிலைட்டுகள் ஓடிக்கொண்டே இருப்பவை. டிஷ் ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடித்தபடி இருக்கும். பக்கத்துக் கட்டடமோ மரமோ வானத்தில் ஒரு துண்டை மறைத்தால், அந்தத் துண்டுக்குள் சாட்டிலைட் போகும்போதெல்லாம் பேச்சு அறுந்து அறுந்து வரும். அதனால் மொட்டைமாடிக்கே போக வேண்டும். மொட்டைமாடிச் சாவி மெனேஜரிடம். மெனேஜர் ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டார். சாவி கிடைத்தாலும் பத்து மாடி கீழே சிக்னலை இறக்குவது எப்படி? கொங்கிரீட் தட்டு ஒவ்வொன்றும் வைஃபையைத் தின்றுவிடும். கேபிள் இழுக்கத் தொடங்கினால், பழுது பார்க்கும் நேரத்தைவிட இழுக்கும் நேரம் கூடிவிடும்.

மொபைல் சிக்னலும் நிலக்கீழ் தளத்துக்குள் சரியாக வராதுதான். ஆனால் வாகனம் இறங்கும் சரிவின் வாயிலில் ரவுட்டரை வைத்து, ஒரு நெட்வொர்க் கேபிளில் உள்ளே இன்னொரு வைஃபை பெட்டியைக் கொண்டுபோனால் வேலை தொடங்கிவிடலாம். யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. சிம் இரண்டும் வெவ்வேறு கம்பனியாக இருக்கட்டும். ஒன்று விழுந்து மற்றதுக்கு மாறும்போது அழைப்பு கொஞ்சம் தடுமாறும், ஆனாலும் வேலை நிற்காது. ரவுட்டர் சாதாரண பவர் பேங்கில் ஓடும். ஸ்டார்லிங்க்கின் சிறிய டிஷ்ஷான மினியும் 25 முதல் 40 வாட்தான் எடுக்கும் என்றாலும், அதற்குக் கொஞ்சம் பெரிய பவர் பேங்க் வேண்டும்.

மொபைலின் பலவீனம் டவர். 2022 இல் 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில் டவர் பேட்டரிகள் தாங்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பல மாவட்டங்களில் டவர்கள் செயலிழந்துபோயின. அப்படியான நாளில் கையில் டிஷ் இருப்பவர்தான் பேசுவார்.

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் நான் டிஷ்ஷையே சொல்வேன். பள்ளத்தாக்கில் டவர் மறைந்துவிடும்; தொழிற்சாலை முற்றத்தில் திறந்த வானம் கிடைக்கும். ஆனால் அங்கு நாங்கள் குறைவாகத்தான் வேலை செய்திருக்கிறோம், அடைமழையில் டிஷ்ஷை நீண்ட நேரம் பாவித்ததும் இல்லை. மழை அதன் சிக்னலைக் குறைக்கும் என்பதால், அங்கு முழுநேர வேலை எடுப்பவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.