வீட்டுத் தூசிக்கு வேக்குவம் கிளீனரா, ஈர மாப்பா?

வீட்டுத் தூசி வெறும் மண் இல்லை. சோபா ஃபோமில் கலந்த தீத்தடுப்பு வேதிப்பொருள்கள், வினைல் விரிப்பை வளைய வைக்கும் தாலேட்டுகள் எல்லாம் மெல்லக் கசிந்து அதில்தான் ஒட்டுகின்றன. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைக்கும். அதனால் பெரியவர்களைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம்.

சரி, எதை வாங்கலாம்?

செலவு: மாப் சில நூறு ரூபாய். ஹெப்பா (HEPA) எனும், நுண்தூசியையும் பிடிக்கும் வடிகட்டி உள்ள வேக்குவம் பல ஆயிரம். வடிகட்டியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

தூசி பிடிப்பது: ஹெப்பா 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். வடிகட்டி சரியில்லாத மலிவு மெஷின் நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதித் தள்ளும்; அதற்கு மாப்பே மேல். ஈர மாப் தூசியைக் கிளப்பாது. ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுக்கத் துடைத்தால், எடுத்ததையே திரும்பப் பூசுகிறோம்.

எட்டும் இடம்: கார்ப்பெட், மெத்தை, சோபா இடுக்கு என்றால் வேக்குவம்தான். ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பிக்கு ஈரத்துணி போதும்.

டைல்ஸ் தரை, கார்ப்பெட் கிடையாது என்றால் மாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்ப்பெட் இருந்தால் ஹெப்பாவுக்குச் செலவழிக்கலாம். ஃபோம் உதிரும் பழைய சோபாவுக்கு இரண்டுமே தீர்வாகாது. சோபா ஃபோமில் கலந்த பென்டா வகை தீத்தடுப்பான், நீண்டகாலம் அழியாத நச்சு வேதிப்பொருள்களைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது 2009இல்தான். அதற்கு முந்தைய இறக்குமதிச் சோபா என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.