காலிப் பட்டியலில் பெரிய எண் எது?

காலிப் பட்டியலின் கூட்டுத்தொகையைக் கேட்டால் பைதான், ரூபி, ரஸ்ட் ஆகிய மூன்று நிரல் மொழிகளுமே 0 என்று சொல்லிவிடும். அதில் தகராறு இல்லை. 0-ஐ எதோடு கூட்டினாலும் விடை மாறாது. ஆனால் அதே பட்டியலில் பெரிய எண்ணைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பெரிய எண்ணைத் தேடித் தருகிற மேத்.மேக்ஸ், காலியாகக் கூப்பிட்டால் மைனஸ் இன்ஃபினிட்டி தருகிறது. கணக்குப்படி சரிதான்: எந்த எண்ணோடு மோதினாலும் தோற்கிற எண் அது. நடைமுறையில் எனக்கு அரை நாளைத் தின்றது. ஒரு கடையின் டாஷ்போர்டில் 'இன்றைய பெரிய பில்' என்று ஒரு கட்டம். அன்று பில்லே போடவில்லை. மைனஸ் இன்ஃபினிட்டியை ஜேசான் (தரவை அனுப்பும் உரை வடிவம்) ஆக்கும்போது அது சத்தமில்லாமல் நல் ('மதிப்பு இல்லை' என்ற குறி) ஆகிவிடும். எங்கள் சர்வர் அந்த நல்லை 0 என்று எடுத்துக்கொண்டது. பெரிய பில் ₹0! எங்கேயும் எர்ரர் இல்லை.

பைதான் அந்த வரியிலேயே வேல்யூஎர்ரர் என்ற பிழையை எறிந்து நிற்கும். அது வேண்டாம் என்றால் 3.4 பதிப்பிலிருந்து டிஃபால்ட் மதிப்பை நாமே கொடுக்கலாம். பைதானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் மட்டும் ஒரே வீட்டில் இரண்டு சட்டம்: மேக்ஸ் எர்ரர் எறியும், சராசரி எடுக்கிற 'மீன்' ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு 'நான்' (NaN, எண் அல்ல) என்று கொடுக்கும்.

ரஸ்ட்டில் கிடைப்பது ஆப்ஷன், அதாவது உள்ளே எண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற ஒரு உறை. உள்ளே எண் இருக்கிறதா என்று பார்க்காமல் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) நம்மை விடாது. பாதுகாப்பு என்றால் இதுதான். ஆனால் பட்டியல் காலியாக இருக்கவே முடியாத இடத்திலும் அன்ராப் (உறைக்குள் இருப்பதை எடுக்கும் கட்டளை) போட வேண்டியிருப்பது கொஞ்சம் எரிச்சல்.

என் ஓட்டு கோட்லின் மொழிக்கு, அதுவும் அது அடிபட்டுக் கற்றுக்கொண்டதற்காக. முதலில் அதன் மேக்ஸ் காலிப் பட்டியலுக்கு நல் தந்தது. 1.4 பதிப்பில் அதைக் கைவிடச் சொல்லி, மேக்ஸ்ஆர்நல் ('மேக்ஸ் அல்லது நல்') என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1.7-இல் பழைய பெயரே திரும்ப வந்தது, இந்த முறை காலி என்றால் எக்ஸெப்ஷன் (பிழை) எறிகிற குணத்தோடு. இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எது நல் தரும் என்று ஆவணத்தைப் புரட்ட வேண்டாம், பெயரே சொல்லிவிடுகிறது. கோட் ரிவ்யூ செய்கிறவருக்கு இது பெரிய உதவி.

அந்தக் கடைக் கட்டத்தில் இப்போது 'இன்று பில் இல்லை' என்று வருகிறது.