இலவசப் பயண இதழ்: பி.டி.எஃப்பா, இணையதளமா?

வேலூரிலிருந்து இலவசமாக ஒரு மின்னிதழ், பயணம் பற்றி மட்டும். கோட்டையையும் ஸ்ரீபுரத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடாமல், மகேந்திரவாடிக் குடைவரை எங்கே இருக்கிறது, வள்ளிமலையில் சமணர் சிற்பங்கள் எப்படி வந்தன என்று கேட்கிற ஆட்களுக்கான இதழ். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை, எழுதுவதற்கும் ஆட்கள் கிடைத்தார்கள். எந்த வடிவில் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் பல மாலைகள் வாக்குவாதத்தில் கழிந்தன. கடைசியில் இணையதளம் என்று முடிவெடுத்தோம். இப்படியொரு யோசனையுடன் ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்துவிட்டதால், அதற்கேற்பக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சில வழிகளை நாங்கள் அதிகம் விவாதிக்கவே இல்லை. அச்சு என்றால் காகிதச் செலவு, அஞ்சல் செலவு, அதோடு 2023-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு. இலவசம் என்ற சொல்லே அங்கு அடிபட்டுப் போகும். தனிச் செயலி வைக்கலாம் என்றார் ஒருவர். காலாண்டுக்கு ஒருமுறை வரும் இதழுக்காக யாரும் தொலைபேசியில் புதிதாக ஒரு செயலியை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். இதழ்களை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐ டெல்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது, மின்னிதழுக்கும் உண்டு. எனவே அதுவும் முடிவைத் தீர்மானிக்கும் விஷயமாக இல்லை. மிஞ்சியவை நான்கு: பி.டி.எஃப்., இணையதளம், மின்னஞ்சல் மடல், வாட்ஸ்அப் சேனல்.

பி.டி.எஃப்புக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னதில் உண்மை நிறைய இருந்தது. அட்டை, பொருளடக்கம், பக்க எண் எல்லாம் இருந்தால்தான் இதழ் என்ற உணர்வே வருகிறது. கட்டுரை எழுதித் தருபவருக்குத் தன் பெயரை ஒரு பக்கத்தின் தலையில் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி இணைப்பு ஒன்றைத் திறப்பதில் கிடைப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பெரியவர்கள் கோப்புகளைத்தான் அனுப்பிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே படிக்கலாம். அமிர்தி தாண்டி ஜவ்வாது மலைக்குள் ஏறியவர்களுக்குச் சிக்னல் எப்படி வந்து போகும் என்று தெரியும். அங்கே இணையதளத்தை நம்பிப் போனவர் கையில் வெறும் கண்ணாடிச் சில்லுதான் இருக்கும். இந்த ஒரு குறையை நாங்கள் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை. கிளம்பும் முன் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி போடுகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் பி.டி.எஃப்பில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஏ4 அளவில் இரண்டு பத்தியாக வடிவமைத்த பக்கத்தைத் தொலைபேசியில் விரித்து விரித்துப் படிப்பது எந்த மொழியிலும் சிரமம்தான். தமிழில் அதற்கு மேலும் ஒன்று. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. பல மென்பொருள்கள் பி.டி.எஃப். உருவாக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையையே உள்ளே வைத்துவிடுகின்றன. விளைவு: பக்கம் அழகாகத் தெரியும், ஆனால் கோப்புக்குள் ‘கோட்டை’ என்று தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அங்கே தடுமாறும். அச்சகத்தில் பழகிய வடிவமைப்பாளர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் நிலைமை இன்னும் மோசம்: திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கும். கவனமாகச் செய்தால் இதைச் சரிசெய்ய முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் முடிவுக்கு இது காரணம் இல்லை.

காரணம் திருத்தம்.

பயண எழுத்தில் இரண்டு வகைச் செய்திகள் கலந்திருக்கின்றன. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்பது மாறப்போவதில்லை. காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் விட்டம் 2.34 மீட்டர் என்பதும் அப்படித்தான். ஆனால் அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில் பஸ் எங்கே ஏறுவது, எந்தக் கிழமை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று எழுதுகிறோமே, அது எழுதிய நாளிலிருந்தே பழசாகத் தொடங்கிவிடுகிறது.

நம் பகுதியில் இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைப் பாருங்கள். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகி, திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றானது. ஏலகிரி, ஜலகாம்பாறை அருவி, காவலூர், ஆம்பூர் எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடு, சோளிங்கர், மகேந்திரவாடி ஆகியவை ராணிப்பேட்டைக்குப் போயின. 2019 அக்டோபரில் ‘வேலூர் மாவட்டச் சிறப்பிதழ்’ என்று ஒரு பி.டி.எஃப். வெளியிட்டிருந்தால், இரண்டு மாதத்தில் அதன் பாதிக் கட்டுரைகளின் முகவரி தவறாகியிருக்கும். மாவட்டப் பெயர் தவறினால் பெரிய கேடு இல்லை, ஊருக்கு எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். வேலூர்ப் புதிய பஸ் நிலையம் அப்படி அல்ல. இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் பஸ்கள் வேறு இடங்களிலிருந்து புறப்பட்டன. 2022-இல் புதுக் கட்டடம் திறந்ததும் திரும்பி வந்தன. நடுவில் எழுதப்பட்ட ஒவ்வொரு வழிகாட்டுதலும் அதோடு காலாவதியானது.

சோளிங்கர் இன்னும் நல்ல உதாரணம். பெரிய மலையில் யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏற வேண்டும், முடியாதவர்களுக்கு டோலி என்றுதான் காலங்காலமாக எழுதிவந்தோம். 2024 மார்ச்சில் ரோப்கார் வந்துவிட்டது. முழங்கால் வலியால் ‘நமக்கு இந்த ஜென்மத்தில் இல்லை’ என்று விட்டுவிட்ட ஒரு அத்தை, பழைய கட்டுரையைப் படித்தால் இன்றும் அப்படியே விட்டுவிடுவார். தவறான தகவலால் ஒருவர் போய் ஏமாறுவதைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். போகக்கூடிய இடத்துக்குப் போகாமலே இருந்துவிடுபவர் யார் கணக்கிலும் வருவதில்லை.

பி.டி.எஃப். கல்வெட்டைப் போன்றது, வெட்டியது வெட்டியதுதான். கல்வெட்டாவது ஒரே இடத்தில் நிற்கும். இலவசக் கோப்புக்குக் கால் உண்டு. அது எங்கெல்லாம் போனது என்று வெளியிட்டவருக்குத் தெரியாது, திருத்தம் அனுப்பவும் முகவரி இல்லை. இன்னொன்று: பழைய வார இதழைக் கையில் எடுத்தால் மஞ்சளான தாளே வயதைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் இன்று காலை வந்த கோப்பு இன்று காலை பிறந்தது போலத்தான் தெரிகிறது. அட்டையில் ஆண்டு போட்டிருந்தாலும் யார் பார்க்கிறார்கள்? விலை வைத்து விற்கும் இதழ் இவ்வளவு சுற்றாது. இலவசம் என்பதாலேயே சுற்றுகிறது, சுற்றுவதாலேயே தவறும் பெருகுகிறது. எங்கள் குழுவில் பி.டி.எஃப்தான் வேண்டும் என்று கடைசிவரை நின்றவரைக்கூட அசைத்தது இந்த வாதம் ஒன்றுதான்.

இணையதளத்தில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பழைய இணைப்பை யார் எத்தனை பேருக்கு அனுப்பியிருந்தாலும் திறக்கும்போது புதியதுதான் திறக்கும். நாங்கள் பின்பற்றும் முறை எளியது. கட்டுரை ஒரு பக்கம், அதைத் தொடுவதில்லை. அதன் அடியில் தனிக் கட்டத்தில் பஸ், நேரம், கட்டணம், விடுமுறை நாள். கோட்டை வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பது போன்றவை அங்கேதான் வரும். கட்டத்தின் கீழ் ‘சரிபார்த்த நாள்’. ஒவ்வொரு கட்டத்துக்கும் எங்களில் ஒருவர் பொறுப்பு. ஜலகாம்பாறைக்கு மழைக்காலத்தை ஒட்டி, ஏலகிரிக்குக் கோடை விழாவுக்கு முன், கோயில்களுக்குத் திருப்பணி, குடமுழுக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் என்று தொலைபேசியில் கேட்டுத் திருத்துகிறோம். தேதியை மட்டும் மாற்றிவிட்டு விஷயத்தைச் சரிபார்க்காமல் விடும் ஆசை எல்லோருக்கும் வரும். பொறுப்பாளர் பெயரையும் தேதியோடு போடத் தொடங்கிய பிறகு அது குறைந்தது.

இது வேலை. புது இதழ் தயாரிப்பதைவிட அலுப்பான வேலை, யாரும் பாராட்டாத வேலை. இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் இணையதளம் வைத்தும் பயனில்லை, பி.டி.எஃப்பைப் போலவே அதுவும் பழசாகிக் கிடக்கும். அப்படிக் கைவிடப்பட்ட பயணத் தளங்கள் தமிழில் ஏராளம்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒரு லாபமும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்களை வேலூரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எதிரே உள்ள சந்துகளில் விடுதிப் பலகைகளே வங்காளத்தில் இருக்கின்றன. பரிசோதனைக்கும் முடிவுக்கும் இடையே உடன் வந்தவர்களுக்கு நாள்கள் வெறுமனே கிடக்கின்றன. கோட்டை அகழியைச் சுற்றிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். சிவன் கோயில் உள்ள விரிஞ்சிபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. இணையப் பக்கமாக இருந்தால் உலாவியே வங்காளத்தில் மொழிபெயர்த்துக் காட்டிவிடுகிறது. இரண்டு பத்தி பி.டி.எஃப்பில் அது சுலபமில்லை. எனக்கு வங்காளம் தெரியாததால் மொழிபெயர்ப்பின் தரத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. விடுதியில் படித்துப் பார்த்த ஒருவர், ஊர்ப் பெயர்கள் குழம்பினாலும் விஷயம் புரிகிறது என்றார்.

இணையதளத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முகவரிக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்; மறந்தால் இதழே இல்லை. பி.டி.எஃப். யாருடைய தொலைபேசியிலாவது உயிரோடு இருக்கும், இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸைச் சொந்தமாக நிறுவினால் புதுப்பிப்பு, பாதுகாப்பு என்று அதற்கே ஒரு ஆள் வேண்டும். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் செலவும் பராமரிப்பும் இல்லை, ஆனால் வீடு அடுத்தவருடையது. தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லையென்றால் பிளாகரிலேயே தொடங்குங்கள் என்பேன். இதழ் என்ற உணர்வு கலைந்துபோகும் என்ற புகாருக்கு ஓரளவு மருந்து உண்டு: தோன்றியபோது ஒவ்வொன்றாக வெளியிடாமல், அட்டைப்படம், பொருளடக்கம், தலையங்கத்தோடு எல்லாக் கட்டுரைகளையும் ஒரே நாளில் வெளியிடுவது. இடைப்பட்ட காலத்தில் திருத்தம் மட்டும்.

மின்னஞ்சல் மடலைச் சுருக்கமாகவே சொல்கிறேன், முழு இதழையும் அதில் அனுப்பிப் பார்த்த அனுபவம் எங்களுக்கு இல்லை. தெரிந்தவரை இரண்டு தடைகள். ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் கடிதத்தை நடுவில் வெட்டிவிட்டு ‘முழுதும் பார்க்க’ என்று இணைப்புக் கொடுக்கிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட். எனவே ஆங்கில மடல் தாராளமாக நடக்கும் தூரத்தில் தமிழ் மடல் பாதியிலேயே நின்றுவிடும். அடுத்தது, அனுப்பிய மடலையும் திருத்த முடியாது.

வாட்ஸ்அப் சேனல் இந்தியாவுக்கு 2023-இல் வந்தது. அதற்கு முன் இருந்த ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரம்பு, அதிலும் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். சேனலில் அந்தத் தொல்லை இல்லை, வாசகர் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் பழைய பதிவைத் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். இதழ் வந்துவிட்டது என்று சொல்ல அது போதும். இதழையே அதில் நடத்த முடியாது. நாங்கள் இணைப்பை மட்டும் அனுப்புகிறோம்.

விளம்பர வருமானம் யாருக்கு எதில் அதிகம் என்று கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. உள்ளூர் விடுதிக்காரர்களும் பிரியாணிக் கடைக்காரர்களும் முழுப்பக்க விளம்பரம் என்றால்தான் காது கொடுக்கிறார்கள், இணையப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு படம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். பணம் முக்கியம் என்று நினைக்கும் குழுவுக்கு இது பி.டி.எஃப். பக்கம் தராசைச் சாய்க்கலாம்.

எனவே பி.டி.எஃப்பை முற்றிலும் கைவிடவில்லை. ஆண்டு இறுதியில், நேரம், கட்டணம், பஸ் எதுவும் இல்லாத கட்டுரைகளை மட்டும் தொகுத்து ஒரு கோப்பு தயாரிக்கத் திட்டம்: ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள், பல்லவர் குடைவரைகள், கண்டியின் கடைசி மன்னர் வேலூரில் கழித்த ஆண்டுகள் போன்றவை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆண்டும் இணையப் பக்கத்தின் முகவரியும் இருக்கும். அட்டையில் மட்டும் போட்டால், யாராவது ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பும்போது ஆண்டு வெளியே நின்றுவிடும்.